சிப்பிக் குழியில் இறங்கிய பேராசிரியை

"ஆறுமுகம், கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. வெயில் கீழ வரைக்கும் வரணும்."

குழிக்குள்ளிருந்து குரல்தான் வந்தது. ஆள் தெரியவில்லை. சுற்றிலும் பால் பிடித்த நெற்பயிர். வயலின் ஒரு மூலையில் கழுத்தளவுக் குழி. அதற்குள் ஒரு கல்லூரிப் பேராசிரியை. வரப்பில் காமிராவும் கையுமாக நான். எனக்கு எதிரே, அந்த வயலை உழுகிற சுடலைமுத்து அண்ணாச்சியின் மனைவி, தன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மரச்சட்டக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழியில் ஊறிய தண்ணீரை விடிகாலையிலேயே இறைத்துவிட்டிருந்தார்கள். ஈர மண் வாசனையும் நெற்பூ வாசனையும் கலந்து வந்தது. உச்சி வெயில். காற்று நின்றுபோயிருந்தது.

அந்த அம்மா கண்ணாடியைச் சாய்த்தார். வெயில் ஒரு பாளமாகக் குழிக்குள் இறங்கியது.

அடடா! இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் முதலில் வருகிறது. குழியின் நான்கு பக்கமும் ஒரு சாண் கனத்துக்கு ஓடிய முத்துச்சிப்பி வரிசை அப்படியே கண் விழித்தது. வெள்ளை, ரோஜா, பச்சை, புறாக் கழுத்து நிறம். பேராசிரியையின் முகத்தில், புடவையில், மூக்குக்கண்ணாடியில் எல்லாம் அந்த நிறங்கள் நெளிந்தன. தண்ணீருக்கு அடியில் நிற்பவர் மாதிரி இருந்தார்.

நான் பொத்தானை அமுக்க மறந்துபோனேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே "ஏலே, மூஞ்சியத் தூக்குல" என்று அதட்டுகிற ஆள் நான். எனக்கே பேச்சு வரவில்லை.

"ரெண்டாயிரம் வருஷம், ஆறுமுகம்," என்றார் அவர். சத்தமே இல்லாமல் சொன்னார். 

பிறகு சுதாரித்துக்கொண்டு எடுத்த அந்தப் போட்டோதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேரைப் போக வைத்ததும் அதே போட்டோதான். இதை இத்தனை வருஷம் வெளியே சொன்னதில்லை. இனிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது என்று தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

யார் இந்த அம்மா?

பேராசிரியை செங்கமலம். ஊர் ஸ்ரீவைகுண்டம். தகப்பனார் அந்தக் காலத்துத் தலைமையாசிரியர், பெருமாள் கோவில் தெருக்காரர், ஆற்றோரம் கொஞ்சம் நஞ்சை. செங்கமலம் அம்மா கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தூத்துக்குடியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பழைய இந்திய வரலாறு சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஒரு மாடி வீட்டில் புத்தகங்களோடு இருந்தார். அப்போது வயது நாற்பத்தைந்து இருக்கும்.

என் ஸ்டுடியோ பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில். முதன்முதலில் வந்தபோது ஒரு கல்வெட்டுப் போட்டோ எடுக்கவேண்டும் என்றார். எடுத்தேன். திருப்பி எடுக்கச் சொன்னார். மறுபடி எடுத்தேன். நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா குறை இதுல?"

"நிழல் பொய் சொல்லுது. இல்லாத எழுத்தை இருக்கிற மாதிரிக் காட்டுது. காலைல வெயில் சாய்வா இருக்கும்போது வரலாம்."

இப்படி ஒரு மனுஷியா என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்தான் முதலில் போய் நின்றேன்.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கண்ணால பார்த்தீங்களா?" மாணவிகளிடமும் அதே கேள்வி, பெரிய பெரிய அறிஞர்களிடமும் அதே கேள்வி. அதனாலேயே அவரைக் கண்டால் பலருக்கு ஆகாது.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கொற்கைதான் பாண்டியர் முத்துத் துறைமுகம் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர் என்ன சொன்னார் என்றால், சிப்பிகளைக் கடற்கரையில் வைத்துக் கழுவவில்லை, படகில் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவினார்கள், அதற்கென்று ஆற்றங்கரையில் முற்றங்கள் இருந்தன என்று. இருபது வருஷம் சொன்னார். ஆதாரம் கிடைக்கவில்லை. கூட்டங்களில் அவர் பேச எழுந்தாலே ஆண்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

ஊரே மூக்கைப் பிடித்த காலம்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த வருஷங்களில் நான் இளந்தாரி. குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள். அழுகினால்தான் முத்து கழன்று வரும். கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பினால் அந்த வாடை ஊருக்குள் ஏறும். சோற்றில் வாடை, தலையணையில் வாடை, பூக்கடையில்கூட வாடை.

ஆனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எந்தச் சிப்பிக்குள் என்ன இருக்கிறதோ என்று ஊருக்கே ஒரு மயக்கம். நானும் ஒரு வாரம் அந்தக் கரையிலேயே சுற்றித் திரிந்தேன். ஒரு முத்தும் கண்ணில் படவில்லை, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வெறும் ஓடுகள் மலை மாதிரிக் கிடந்தன. சுண்ணாம்புக் காளவாசல்காரர்கள் அள்ளிப் போனார்கள். ஆற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள், திரும்பும்போது சும்மா போவானேன் என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

குழி எப்படி வந்தது

செங்கமலம் அம்மாவின் தகப்பனார் காலமான பிறகு நிலத்தைக் கவனித்தவர் அவருடைய அண்ணன் ராகவன். தூத்துக்குடியில் நல்ல உத்தியோகம். வயலை உழுதவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருடைய அய்யா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் உழுதது.

அப்போது குத்தகைதாரர்கள் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த நேரம். ராகவன் சார், "அவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு உழுகிற ஆள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நிலத்தை விற்க அவருக்கு ஆள் தயாராக இருந்தது. சுடலைமுத்து அண்ணாச்சியிடம் துண்டுக் காகிதம் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் மோட்டார் ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். ஊருக்கு வந்திருந்த செங்கமலம் அம்மா, வரப்போரம் நடந்து போனவர், குழிக்குள் வெள்ளையாக எதையோ பார்த்து நின்றுவிட்டார்.

"சுடலைமுத்து, இது என்னது?"

"அதுவாம்மா... அது ஆதிகாலத்துலேருந்து கெடக்கு."

"யார் போட்டது?"

"யாரு கண்டா? எங்க அய்யா காலத்துக்கும் முந்தி."

சிப்பி வரிசைக்கு மேலே கிடந்த மண்ணைக் கிளறினார். கறுப்பும் சிவப்புமாகப் பழைய பானை ஓட்டுச் சில்லுகள் வந்தன. அவை பாண்டியர் காலத்தவை, அதில் சந்தேகமே இல்லை. மேலே கிடக்கிற ஓடே இரண்டாயிரம் வருஷம் என்றால், அடியில் கிடக்கிற சிப்பி அதற்கும் முந்தியதாகத்தானே இருக்கவேண்டும்?

கணக்கு சரிதான். என்னைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இருட்டறையில்

குழியில் எடுத்த படங்களைக் கழுவியது மறுநாள் மத்தியானம். சிவப்பு விளக்கு, தண்ணீர் சொட்டுகிற சத்தம், தட்டில் வெள்ளைக் காகிதம். படம் மெதுவாக மிதந்து மேலே வரும். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு எப்போதுமே அரைத் தூக்கம் மாதிரி. எத்தனை ஆயிரம் படம் கழுவினாலும் அது மாறவில்லை.

முதலில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி வந்தது. பிறகு கை. பிறகு சிப்பிகள், ஒவ்வொன்றாக.

எல்லாச் சிப்பியும் குப்புறக் கிடந்தன. ஒன்றுகூட மல்லாந்து கிடக்கவில்லை.

 நானும் ஏரல் பக்கத்தில் வயலில் பாடுபடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். எங்கள் ஊரில் நெல்லடிக்கிற களம் போடும்போது அடியில் உடைந்த ஓட்டைப் பரப்புவோம். அதன் மேல் களிமண், அதன் மேல் சாணம். "குப்புறப் போடுல, நிமித்திப் போட்டா தண்ணி நின்னு களம் வெடிச்சிரும்" என்று எங்கள் அய்யா முதுகில் ஒன்று வைத்தது மறக்குமா? கழுவிய சிப்பியை வாரிக் கொட்டியிருந்தால் மல்லாந்தும் குப்புறவும் கலந்துதான் கிடக்கும். இது யாரோ குந்தியிருந்து, ஒவ்வொன்றாகக் கையால் வைத்தது.

பெருமாள் கோவில் தெருவில் வளர்ந்தவருக்கு நெல் மூட்டையாக வீட்டுக்கு வரும். களத்தை அவர் எங்கே பார்த்தார்?

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பாண்டியர் காலத்து ஆட்களும் குப்புறத்தான் வைத்திருப்பார்களோ என்னவோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பேர் வந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் முக்கால் பக்கத்துக்குப் படம் வந்தது. 'பாண்டியரின் முத்து முற்றம்' என்று தலைப்பு. கீழே பொடி எழுத்தில் என் ஸ்டுடியோ பேர். என் மனைவி அதை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். துறைமுகத்து ஆபீசர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கை கொடுத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

செங்கமலம் அம்மாவுக்குக் கல்லூரியில் பாராட்டுக் கூட்டம். வெற்றிலைப் பெட்டி திறந்த ஆட்களே மாலை போட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக ஆய்வுத் துறை தொடங்கப்போவதாகவும், டெல்லியிலிருந்து இரண்டு அறிஞர்கள் வந்து குழியைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு இவர்தான் தலைவர் என்றும் பேச்சு. ஒரு பெண்ணை அப்படி ஒரு நாற்காலியில் அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலம். ஸ்டூலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுமுகம், இப்பல்லாம் கண்ணை மூடினாப் படகு வரது. வயல்ல, நெல்லுக்கு மேல படகு. பைத்தியம் பிடிச்சிடுத்தோன்னு பயமா இருக்கு," என்றார். சொல்லிவிட்டுச் சின்னப்பெண் மாதிரிச் சிரித்தார். அவ்வளவு நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்புக்கு மேல் எனக்கு மக்ரூன் இறங்கவில்லை. மறுநாளே பஸ் ஏறி ஏரலுக்குப் போனேன்.

ஏரல் டீக்கடை

சந்தைக்கு வந்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சியை டீக்கடையில் மடக்கினேன்.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லும். அது களம்தான?"

அவர் கிளாசைக் கீழே வைத்தார். 

"ஏலே, மெதுவாப் பேசு. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போட்டோவுல பாத்தேன். எல்லாம் குப்புறக் கெடக்கு."

சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கொட்டிவிட்டார்.

"எங்க அய்யா போட்டதுதான்டே. சலாபம் முடிஞ்ச வருசம் தூத்துக்குடிக்கு வைக்கோல் கொண்டு போயிட்டு, வரும்போது ஆறு வண்டி சிப்பி அள்ளிட்டு வந்தாரு. நல்ல வெளையுற மூலை அது. வாத்தியார் சாமிகிட்ட கேக்காமலே களம் போட்டுட்டாரு. சாமி இந்தப் பக்கம் வாரதே கெடையாது. அவரு போய்ச் சேந்ததும் இந்த ராகவன் சாமி நெலத்த அளக்க வாராருன்னு சேதி வந்துச்சு. நாங்க என்ன செய்ய? ஒரே நாள்ல குளத்துக் கரம்பை மண்ண அடிச்சு, களத்த மூடி, நாத்தும் நட்டுட்டோம்."

குளத்து மண்! நம் பக்கத்துக் குளங்களில் மண்வெட்டி போட்டால் பழைய ஓட்டுச் சில்லு வராத இடம் உண்டா? சிப்பிக்கு மேலே பாண்டியன் வந்து உட்கார்ந்த கதை அதுதான்.

"அந்தம்மா கேக்கும்போதாவது சொல்லப்படாதா?"

"எப்படிடே சொல்ல? கேக்காம நெலத்துல கைவச்சவன்னு ராகவன் சாமிக்குத் தெரிஞ்சா, அதையே சாக்கு வச்சு வெளிய தள்ளிருவாரு. ஆதிகாலம்னு சொன்னா அத்தோட போயிருவாகன்னு பாத்தேன். அந்தம்மா என்னடான்னா குழிக்குள்ள எறங்கிட்டாக."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஆறின டீயைக் குடித்தோம்.

கீழவைப்பார் கரையில்

டெல்லிக்காரர்கள் வர நாலு நாள் இருந்தது. செங்கமலம் அம்மா கீழவைப்பாரில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்த வயதான குளியாள் ஒருவரிடம் பேசப் போயிருந்தார். நான் போனபோது பேச்சு முடிந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். காலை வெயில், கடல் அசையாமல் கிடந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை.

படத்தையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். களத்தை, வண்டியை, குளத்து மண்ணை, எல்லாவற்றையும். ஆனால் ராகவன் சார் விஷயத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கினேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். 

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"கழுவின அன்னைக்கேம்மா."

"ஆறு மாசம் ஆச்சு!" முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் உங்களுக்கு?"

"பயம் இல்லம்மா. பேப்பர்ல என் பேரு வந்துச்சு. அது போயிருமேன்னு..."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கடலைப் பார்த்தார்.

"எனக்கும் முதல் நாளே உறுத்தித்து, ஆறுமுகம். ரெண்டாயிரம் வருஷத்துச் சிப்பி தொட்டா மாவாப் போகணும். இது இவ்வளவு மினுக்கா இருக்கேன்னு நினைச்சேன். களிமண் மூடிக் காப்பாத்தியிருக்குன்னு நானே ஒரு காரணம் கண்டுபிடிச்சு எழுதினேன். நான் நம்பணும்னு ஆசைப்பட்டேன்."

அழுதார். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. யாராவது என்னைக் கடலில் தூக்கிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சுடலைமுத்து ஏன் என்கிட்ட பொய் சொன்னான்?"

விழுங்கினதைக் கக்கும்படி ஆயிற்று. அண்ணன் பேர் வந்ததும் அவர் முகம் மாறியது. படத்தை உறையில் போட்டு, பைக்குள் வைத்து, எழுந்து மணலைத் தட்டினார்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. டெல்லிலேர்ந்து வரவா வரட்டும்," என்றார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மறைத்துவிடப் போகிறாரோ என்று நினைத்தேன். மறைத்தால் நல்லது என்றும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

வரப்பில் நின்ற ஆறு பேர்

அறுவடை முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடந்தது. இரண்டு காரில் வந்தார்கள். டெல்லி அறிஞர்கள் இருவர், கல்லூரி முதல்வர், பத்திரிகைக்காரர் ஒருவர், ராகவன் சார், நான். சுடலைமுத்து அண்ணாச்சி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றார். சாவு வீட்டில் நிற்கிறவர் முகம்.

செங்கமலம் அம்மா குழிக்குள் இறங்கவில்லை. விளிம்பில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அதையே, சுடலைமுத்து அண்ணாச்சிக்குக் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார்.

"உங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சதுக்கு மன்னிக்கணும். நான் எழுதினது தப்பு. இது முத்து முற்றம் இல்லை. நெல்லடிக்கிற களம். எங்கப்பா போடச் சொல்லி, சுடலைமுத்துவோட அப்பா போட்டது. அவர் அப்போ எங்க நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செஞ்சிண்டிருந்தார். இன்னிவரைக்கும் அந்தக் குடும்பம்தான் குத்தகைக்குச் செய்யறது."

 பத்திரிகைக்காரர் பேனா மட்டும் ஓடியது.

"செங்கமலம்! அப்பா எப்போ சொன்னார் இதை?" என்றார் ராகவன் சார்.

"நீ அப்போ மெட்ராஸ்ல இருந்தே, அண்ணா."

கல்லூரி முதல்வர் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "மிஸ், யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்றீங்களா? களம் போட்டதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இங்கதான் நின்னுண்டிருந்தேன். மறந்துபோயிட்டேன்."

இருபது வருஷம் உலகத்தையே அந்தக் கேள்வி கேட்டவர், கண் இமைக்காமல் அப்படிச் சொன்னார். அந்த வயலுக்கு அவர் குழி தோண்டின வருஷத்துக்கு முந்தி வந்ததே கிடையாது. அது எனக்குத் தெரியும், சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் தெரியும்.

அண்ணாச்சி மண்வெட்டியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டெல்லிக்காரர்கள் மரியாதையாக விடைபெற்றார்கள். காரில் ஏறும்போது ஒருவர் இன்னொருவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். செங்கமலம் அம்மா காதில் அது விழுந்தது.

பேர் போனது

ஆய்வுத் துறை வேறு யாருக்கோ போயிற்று. 'அப்பன் களத்தைப் பாண்டியன் களம் என்ற டீச்சர்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் அதற்கு முந்தி எழுதிய நல்ல கட்டுரைகளையும், "மறதிக்கார அம்மா எழுதினது" என்று ஒதுக்கினார்கள். என் பேரும் கொஞ்சம் அடிபட்டது. அது எனக்கு வேண்டும்.

அவர் வாயால் சொன்னதோடு விடவில்லை. அவருடைய கட்டுரை வந்த அதே ஆராய்ச்சி இதழில் அரைப் பக்கத்துக்குத் திருத்தம் எழுதினார். களம் போட்டவர் பேர், அவர் குத்தகைதாரர் என்பது, அவருக்குப் பின் மகன் சுடலைமுத்து என்பது, எல்லாம் அச்சில் வந்தது. அதையும் பத்திரிகைச் செய்தியையும் எடுத்துக்கொண்டு சுடலைமுத்து அண்ணாச்சி தாலுகா ஆபீசுக்குப் போனார். நிலத்துக்காரர் தங்கையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது ராகவன் சாரால் ஒன்றும் பேசமுடியவில்லை. அண்ணாச்சி பேர் பதிவாயிற்று. அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

"வருத்தம் இல்லையாம்மா?" என்று ஒருநாள் ஸ்டுடியோவில் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? தினமும் இருக்கு. அந்தச் சிரிப்பு சத்தம் தினமும் காதுல விழறது," என்றார். எழுந்து போனார்.

பந்தியில்

இரண்டு மூன்று வருஷம் கழித்து, சுடலைமுத்து அண்ணாச்சி மகனுக்குக் கல்யாணம். அந்த வயலுக்குப் பக்கத்திலேயே பந்தல். போட்டோ எடுக்க நான் போயிருந்தேன். செங்கமலம் அம்மாவும் வந்தார். பந்தலில் அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி. தென்னங்கீற்று வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. நாதஸ்வரம் நின்று, ஆளாளுக்கு மெதுவாகப் பேசுகிற, கண் சொருகுகிற நேரம்.

பெண் வீட்டில் ஒரு மாமா, பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவின் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அடடே, நீங்கதானா அது! தகப்பனார் போட்ட களத்தையே மறந்துட்டு..." என்று ஆரம்பித்துச் சிரிக்க, கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அம்மா சேலை நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் சுடலைமுத்து அண்ணாச்சி வந்துவிட்டார்.

"மறந்தாகளா? யாரு சொன்னா?" என்றார். குரல் கணீரென்று இருந்தது. "எங்க அய்யா களம் போட்ட அன்னைக்கு வாத்தியார் சாமி குடை பிடிச்சுக்கிட்டு அந்த வரப்புலதான் நின்னாக. இந்தம்மா அப்ப வயசுப்பிள்ள. சேலையச் செருகிக்கிட்டுக் கீழ எறங்கி, சிப்பிய ஒண்ணொண்ணா எடுத்து எங்க அய்யா கையில குடுத்தாக. ஆறு வண்டி சிப்பியும் இந்தம்மா கையாலதான் போச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்லா!"

சிரிப்பு நின்றது. அண்ணாச்சி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

செங்கமலம் அம்மா தலையைத் தூக்கினார். அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ரெண்டு நாள் கை நாறித்து."